விருந்தாளிக்கும் கட்டுப்பாடு உண்டு

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் நிறைந்துவிடுகின்றன. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வருகின்றன. மழை ஓய்ந்திருக்கிறது, வெயில் இன்னும் ஏறவில்லை. கடலைப் பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது. கடலோர உயிர்களுக்கும் அப்படித்தான். வடக்கே பனி பெய்யும் நாடுகளிலிருந்து வந்த உள்ளான்களும் வாத்துகளும் கழுவேலியிலும் கோடியக்கரையிலும் இரை பொறுக்கிக்கொண்டிருப்பது இந்த வாரங்களில்தான். பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் முட்டையிட ஏறத் தொடங்குவதும் இப்போதுதான். நாம் ஓய்வெடுக்கப் புறப்படும் நேரத்தில் அந்தக் கரை மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு பருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைப் பற்றி நம் சுற்றுலா விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை.

சென்னையில் தொடங்கிக் கன்னியாகுமரிவரை கரையை ஒட்டியே போனால், திருவள்ளூர் நீங்கலாக மற்ற 13 கடலோர மாவட்டங்களையும் இடையில் புதுச்சேரி, காரைக்காலையும் தொட்டுவிடலாம். மரக்காணத்து உப்பளங்கள், கீழ்ப்புதுப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை, கோடியக்கரை, தனுஷ்கோடி என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒரு வாரம் போதாது. திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில் இறங்கினால் காற்று குவித்த செம்மணல் மேடுகள், நடுநடுவே பனையும் கொல்லாமரமும். தமிழ்நாட்டுக்குள் இப்படி ஒரு நிலம் இருப்பதே பலருக்குத் தெரியாது. போகத்தான் வேண்டும். பார்க்காத இடத்துக்காக யாரும் வாதாட வரமாட்டார்கள். எனவே இந்தப் பயணம் வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமல்ல.

நம் கேள்வி வேறு. இந்தக் கரையில் வாழ்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே சில கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டு பல காலம் ஆகிறது. கார் ஏறி வருகிற நாமும், நம்மை வைத்துத் தொழில் செய்கிறவர்களும், இருவருக்கும் சாலை போட்டுக் கொடுக்கிற அரசும் இதுவரை எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறோம்?

பாம்பன் சின்னப்பாலத்தில் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறைகளாகப் போய்வந்த இடம் அவர்களுக்கு ஒரே நாளில் தடை செய்யப்பட்ட பகுதியாகிவிட்டது. வழக்கு, அபராதம், விரட்டல் எல்லாவற்றுக்கும் நடுவில் அவர்கள் சங்கமாகக் கூடி, பாசி எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். பாசி மறுபடி வளர அவகாசம் வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துத் தெரிந்ததில்லை. அவர்களில் ஒருவருக்கு 2015-ல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. இராமேஸ்வரம் போகும் வழியில் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படமெடுக்கும் நம்மில் எத்தனை பேருக்குப் பாலத்தடியில் இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியும்?

பாக் விரிகுடாவில் கதை இன்னும் தெளிவானது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பு 2022 செப்டம்பரில் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் இதுவே முதல். அங்குள்ள மீனவர்கள் கடற்பசுவை ஆவுளியா என்பார்கள். கரையோரக் கடலடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி அது. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் சற்று நேரத்தில் செத்துவிடும். ஒரு காலத்தில் இறைச்சிக்காகப் பிடிக்கப்பட்ட அந்த விலங்கை இன்று அதே கரைக்காரர்கள் வலையை அறுத்துக் கடலில் விடுகிறார்கள். வனத்துறை பாராட்டி வெகுமதி தருகிறது. நல்ல காரியம். ஆனால் கணக்குப் பார்த்தால், அறுபட்ட வலையின் விலையும் அன்றைய மீன்பாடும் மீனவர் கையிலிருந்து போனவை. கடற்பசுவைக் காப்பாற்றும் பெருமையில் பங்கு கேட்கும் நகரவாசிகள் இந்தச் செலவில் பங்கு கேட்டதில்லை.

கடலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே போனால் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழாவிலும் அப்படியே. ஊர்ப் பிள்ளைகளுக்கு வனத்துறை இனிப்பு கொடுப்பது தீபாவளிச் செய்தியாக நாளிதழ்களில் வரும். படித்துவிட்டு நெகிழ்ந்து போகிறோம். அதே நெகிழ்ச்சியோடு டிசம்பர் 31 இரவு கடற்கரை விடுதிகளில் வாணவேடிக்கை பார்க்கிறோம்.

இப்படி வெளிச்சம் போட்ட இரவுகளில் ஆமைகளுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெண் ஆமை இருட்டில் கரையேறி, மணலில் குழி பறித்து, நூறு முட்டை அளவுக்கு இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் போகும். ஏழு வாரம்போல் கழித்துக் குஞ்சுகள் மேலே வரும். எந்தப் பக்கம் வானம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அதுவே கடல் என்பதுதான் அவற்றுக்கு இயற்கை கற்றுக்கொடுத்த பாடம். நிலவும் நட்சத்திரமும் அலையில் மின்னிய காலத்துக்கு அது சரியான பாடம். இப்போது சாலைப் பக்கத்துச் சோடியம் விளக்கும் விடுதியின் தோட்ட விளக்கும் அதைவிடப் பிரகாசம். குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்கின்றன. விடிந்தால் நாயும் காக்கையும், வெயில் ஏறினால் சூடும். இதற்காகவே சென்னையில் 1980-களின் இறுதியிலிருந்து மாணவர்கள் ஒன்றுசேர்ந்து இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. விளக்கை அணைத்தால் தீரும் பிரச்சினைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் தூக்கம் விழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடலுக்குள் நடப்பது வேறு. 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. விசைப்படகின் இழுவலை மணிக்கணக்கில் கடலடியை அரித்துக்கொண்டு போகும்போது அதற்குள் மாட்டும் ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. வலையில் ஆமை வெளியேறும் கருவி பொருத்தினால் தப்பிக்கும். ஆனால் அதே வழியில் மீனும் தப்பிப் போகிறது என்பது படகுக்காரர்களின் மறுப்பு. அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. ஆமைகள் கரையை நெருங்குவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கத்தை வைத்து வகுக்கப்பட்டது, ஆமைக்கு அது தாமதமாக வருகிறது. இதற்காக இன்னொரு இரண்டு மாதத் தடையைப் படகுத் தொழிலாளி தலையில் கட்டலாமா? கூடாது என்பதே நம் நிலை. கரையை ஒட்டிய கடலில் இழுவலை போடக்கூடாது என்று சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பருவ காலத்தில் கடுமையாக நடைமுறைப்படுத்துவதும், கருவி பொருத்தும் படகுக்கு ஏற்படும் இழப்பை அரசு ஈடுசெய்வதும் நியாயமான வழி. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு, கடற்கரை விடுதி ஒன்றின் ஓர் இரவு வாடகையை விசாரித்துப் பார்க்கச் சொல்லலாம்.

அரசைப் பொறுத்தவரை சிக்கல் அக்கறையின்மையைவிட ஆளுக்கொரு துண்டு என்பதில் இருக்கிறது. சாலை நெடுஞ்சாலைத் துறையிடமோ தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடமோ இருக்கிறது. அலையாத்திக் காடு வனத்துறையிடம். அதன் வாசலில் படகுக் குழாம் நடத்துவது சுற்றுலா வளர்ச்சிக் கழகம். முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரம் மூன்றிலும் படகு அவர்களுடையது. மீன் மீன்வளத் துறைக்கு, குப்பை ஊராட்சிக்கு. இதில் ஊராட்சியின் நிலைதான் பரிதாபம். சீட்டுப் பணம் ஒருவரிடம் போகிறது, தின்று எறிந்த தட்டு இன்னொருவர் வாசலில் விழுகிறது. சனி, ஞாயிறில் வரும் கூட்டத்தின் குப்பையை, சில ஆயிரம் பேர் வசிக்கும் ஊருக்கென்று ஒதுக்கிய தூய்மைக் காவலர்களை வைத்து அள்ளச் சொன்னால் எப்படி நடக்கும்? நுழைவுச் சீட்டிலும் படகுக் கட்டணத்திலும் ஒரு பங்கு நேராக அந்த ஊராட்சிக்குப் போக வேண்டும். போனது என்ன, செலவானது என்ன என்று படகுத்துறையிலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

பலகை என்றதும் ஒன்று. இந்தச் சாலையில் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ‘வனவிலங்குகளைத் துன்புறுத்தாதீர்’ என்பது எங்கும் உண்டு. எந்த விலங்கு, எந்த மாதத்தில் அங்கே என்ன செய்துகொண்டிருக்கும் என்று சொல்லும் பலகையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

பிச்சாவரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம், ஏனென்றால் கூட்டுப் பொறுப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு அங்கே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கால்வாய்களாகப் பிரிந்து கிடக்கும் சுரபுன்னைக் காடு அது. எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படப்பிடிப்பு நடந்த இடம் என்று படகோட்டிகள் இன்றும் சொல்வார்கள். முன்பு பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்து வெட்டும் முறை அங்கே இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் நேரே விழுந்து, நீர் வற்றி, மண் அமிழ்ந்து பள்ளமானது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேற வழியில்லாமல் ஆவியாகி உப்பேறியது. அதில் எதுவும் முளைக்கவில்லை. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அழித்துவிட்டார்கள் என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து 1990-களில் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழி செய்தார்கள். கன்றுகள் பிடித்தன. முத்துப்பேட்டையிலும் இதே முறை கையாளப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களையே உட்காரவைத்துப் பேசியபோதுதான் உண்மைக் காரணத்துக்கு மருந்து கிடைத்தது.

2004 சுனாமிக்குப் பிறகு பிச்சாவரத்தின் புகழ் கூடியது. காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பலர் பதிவு செய்தார்கள். அலையைத் தணித்தது காடா, அல்லது ஊர்கள் தொலைவிலும் மேட்டிலும் இருந்ததா என்று ஆய்வாளர்கள் வாதிட்டதும் உண்டு. எப்படியிருந்தாலும் அங்கே இறாலும் நண்டும் கையால் தடவிப் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்தக் காடு தினச்சோறு. மோட்டார் படகு எழுப்பும் அலை கரையை அரித்தால் முதலில் தெரிந்துகொள்பவர்கள் அவர்கள். கால்வாயில் எத்தனை படகு, என்ன வேகம் என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலி இருக்க வேண்டும். 2022-ல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் சேர்ந்துவிட்டது. பட்டியலில் சேர்வது எளிது, நாற்காலி போடுவதுதான் கடினம்போல.

கோடியக்கரைக்கு வருவோம். 1967-லிருந்து சரணாலயம், 2002-ல் ராம்சார் தலம். இராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய வேதாரண்யம் பக்கத்திலேயே இருக்கிறது. உப்பளங்களைக் கடந்துபோனால் பாலை மரங்கள் அடர்ந்த உலர் காடு, அப்புறம் புல்வெளி. அங்கே வெளிமான்கள். பெயருக்கேற்ப அவை வெட்டவெளி விலங்குகள். தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துவிட்டு ஓடித் தப்பிப்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் வருடா வருடம் தின்றுகொண்டிருக்கிறது. மிச்சமுள்ள புல்லுக்குக் காட்டுக்குதிரைகளாகிவிட்ட பழைய வீட்டுக்குதிரைகளும் போட்டி. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மான்களும் குதிரைகளும் மாண்டன. இத்தனையும் தாங்கி நிற்கும் கூட்டத்தின் பின்னால் படத்துக்காக வண்டியை விரட்டுவது எவ்வளவு கொடுமை என்று செய்கிறவருக்குத் தெரியாது. மானுக்கு ஓடிய ஓட்டம் மேய வேண்டிய நேரம். சதுப்பில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தை எழுப்பிவிட்டுக் காணொளி எடுப்பதும் இதே கணக்குதான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து திரும்ப வேண்டிய உள்ளான்கள் சேர்த்துவைக்கும் கொழுப்பை, நம் அரை நிமிடக் காட்சிக்காகச் செலவழிக்க வைக்கிறோம்.

தனுஷ்கோடியில் வண்டிகளும் பறவைகளும் இப்படி இடத்துக்கு மோதுவது இப்போதே கண்முன் நடக்கிறது. 1964 புயல் அழித்த ஊர். அரிச்சல்முனைவரை தார்ச்சாலை 2017-ல் திறக்கப்பட்ட பிறகு மீன்வண்டி மட்டும் போன மணலில் கார்களும் பேருந்துகளும் வரிசை கட்டுகின்றன. 2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்திருக்கிறது. வரவேற்கிறோம். சாலைக்கு இருபுறமும் நீர்ப்பரப்பு, சாலை முழுக்க வண்டிகள், நடுவில் சரணாலயம். பருவ காலத்தில் தனியார் வண்டிகளை இராமேஸ்வரத்தில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் கூட்டிப்போவதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே சங்கும் மீனும் விற்றுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இதனால் வியாபாரம் குறையக்கூடாது. பேருந்து நிற்கும் இடம் அவர்கள் கடைக்கு எதிரில் இருந்தால் கூடவே செய்யும்.

வெளியூர்த் தேவைக்குக் கரை கொடுத்த விலைக்கும் சான்று உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளைப் பல காலம் வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் போனது முக்கியமான காரணம். வெட்டியவர்கள் கரைக்காரர்கள், உண்மை. சுண்ணாம்பும் கல்லும் போய்ச் சேர்ந்த ஊர்கள் எவை என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே வருகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். பாட்டிலை எடுத்துக்கொள்வோம். கடற்கரை மணலில் உடைந்து கிடக்கும் கண்ணாடி, வலை இழுக்கும் மீனவரின் பாதத்தைக் கிழிக்கிறது. நீலகிரியில் 2022-ல் நீதிமன்ற உத்தரவை அடுத்து டாஸ்மாக் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தரும் முறை வந்தது. மலைப்பாதையோரம் பாட்டில் விழுவது குறைந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது போயிருக்கிறது. கடற்கரைச் சாலை நெடுகிலும் மதுப் பாட்டில் மட்டுமின்றித் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இதைக் கட்டாயமாக்கலாம். 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கடைக்காரரிடம் பையைக் கேட்டு வாங்குகிற கை நம்முடையதாக இருக்கும்வரை அந்தத் தடை காகிதத்தில்தான் இருக்கும்.

விடுதிக்காரர்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவு பத்து மணிக்குமேல் கடல் பக்கத்து விளக்குகளை அணைக்கட்டும். மின்கட்டணமும் மிச்சம். ‘எங்கள் கரையில் ஆமை வரும், அதனால் விளக்கு இல்லை’ என்று விருந்தினரிடம் பெருமையாகவே சொல்லலாம். கேட்கிற குழந்தைக்கு அந்தப் பயணத்தில் நினைவிருக்கப் போவது நீச்சல் குளமாக இருக்காது. மணலில் நாலுசக்கர மோட்டார் ஓட்டும் விளையாட்டை இந்த மாதங்களில் நிறுத்தட்டும். சாலையை அகலப்படுத்தும் ஒப்பந்தங்களில் நெடுஞ்சாலைத் துறை, நீர் குறுக்கே ஓடவும் நரி, உடும்பு, பாம்பு கடக்கவும் மதகுகளை முதலிலேயே சேர்க்கட்டும். சாலை போட்ட பிறகு இதற்கென்று தனி மதிப்பீடு தயாராகி நாம் பார்த்ததில்லை.

கீழ்ப்புதுப்பட்டுக் காடு இன்றும் நிற்பது வேலி போட்டதாலோ சட்டம் வந்ததாலோ இல்லை. அய்யனாருக்குரிய மரத்தில் கை வைக்கக்கூடாது என்ற பயமும் மரியாதையும் காத்த காடு அது. இப்போது அங்கேயும் பொங்கல் வைக்க வரும் வண்டிகளுக்கு இடம் தேவைப்படுகிறது, இலைத்தட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் பூச்சுத் தட்டு வருகிறது. சாமிக்குப் பயந்தவர்கள் பூச்சுத் தட்டுக்குப் பயப்படவில்லை.

முட்டுக்காட்டிலிருந்து மரக்காணம்வரையிலான ஒரு துண்டில் இந்தக் கட்டுப்பாடுகளைத் தொடங்கிப் பார்க்கலாம். முட்டுக்காட்டு உப்பங்கழி, ஆமைக் கரைகள், கழுவேலி ஈரநிலம், வரிசையாக விடுதிகள், மீனவக் குப்பங்கள் எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. கழுவேலி 2021-ல் பறவைகள் சரணாலயமாகி 2024-ல் ராம்சார் பட்டியலுக்கும் வந்த இடம், கவனிக்க ஆள் இருப்பார்கள். செங்கல்பட்டு, விழுப்புரம் ஆட்சியர்கள் இருவர் கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்த கார்த்திகை முடிவதற்குள், ஆமையும் காரும் வருமுன், முதல் கூட்டத்தைக் கூட்டட்டும். விடுதிச் சங்கம், வாடகை வண்டி ஓட்டுநர்கள், ஊராட்சித் தலைவர்கள், ஆமைக்காக இரவில் நடக்கும் மாணவர்கள் எல்லாரையும் சுற்றுலாத் துறை அழைக்கட்டும். மீனவர் பஞ்சாயத்தாரையும் அழைக்க வேண்டும். அவர்களுக்காகக் கூட்டத்தைக் காலை ஏலம் முடிந்த பிறகு, குப்பத்துக்குள்ளேயே வைக்கட்டும். ஆட்சியர் அலுவலகத்தில் பத்து மணிக்கு வைத்துவிட்டு, அவர்கள் வரவில்லை என்று குறிப்பெழுதுவது இத்தோடு நிற்கட்டும்.